வண்டு வருவதற்கு முன்னால் அந்த வேலையை யார் பார்த்தார்கள்?

இந்த எபிசோட் ஒரு மரத்தைப் பற்றி. எண்ணெய்ப்பனை. மலேசியத் தமிழர்கள் செம்பனை என்பார்கள். நம்ம ஊர்ல நேரா சொன்னா பாமாயில் மரம்.

ரேஷன் கடையில லிட்டர் 25 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் கொடுப்பாங்க இல்லையா, அதுதான். 2007-ல் தமிழ்நாடு அரசு சிறப்புப் பொது விநியோகத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, துவரம் பருப்பு, உளுத்தம் பருப்போடு சேர்த்துப் பாமாயிலும் கொடுக்க ஆரம்பித்தது. 'நாங்க ரேஷன் எண்ணெய் எல்லாம் தொடறதில்லை' என்று சொல்கிறவர்களும் இதில் தப்ப முடியாது. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. நூடுல்ஸ், சாக்லேட், குளியல் சோப்பு, டீக்கடை பஜ்ஜிச் சட்டி, எல்லாவற்றிலும் இது இருக்கிறது. உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்கிற நாடு இந்தியாதான்.

இந்த மரத்தோட வரலாற்றைத் தேடினா முதலில் வந்து நிற்கிற கதை ஒரு வண்டைப் பற்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குட்டி வண்டு 1981-ல் மலேசியாவுக்கு வந்தது, ஒரே வருஷத்தில் விளைச்சலைத் தூக்கிவிட்டது. அருமையான கதை, இன்னிக்கு நானும் அதைச் சொல்லப் போறேன். ஆனா படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 1981-ல் வண்டு வந்தது என்றால், அதற்கு முன்னால் அறுபது வருஷத்துக்கும் மேலாக அங்கே தோட்டம் இருந்ததே, அப்போ அந்த வேலையை யார் பார்த்தார்கள்? வண்டுக் கதையில் அவர்களுக்கு அரை வரிதான் கிடைக்கிறது. அந்த அரை வரியை விரிச்சுப் பார்க்கத்தான் இந்த எபிசோட்.

முதலில் ஆப்பிரிக்கா. எண்ணெய்ப்பனை மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மரம். இன்னிக்கு நைஜீரியா, கேமரூன், காங்கோ என்று சொல்கிற பகுதிகள். அங்கே பல நூற்றாண்டுகள் யாரும் இதை வரிசை வரிசையாக நட்டு வளர்க்கவில்லை. ஊரைச் சுற்றியும் கைவிட்ட பழைய வயல்களிலும் தானாக முளைத்து வந்த தோப்புகள்தான். ஆண்கள் இடுப்பில் வடம் போட்டு ஏறிக் குலையை வெட்டுவார்கள். பெண்கள் பழத்தை வேகவைத்து, இடித்து, எண்ணெய் எடுப்பார்கள். அந்த எண்ணெய் நல்ல சிவப்பு. கேரட்டில் இருக்கிற கரோட்டின்தான் காரணம். நம்ம பாக்கெட்டில் வருவது நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரித்தது. பழத்தின் சதையில் ஓர் எண்ணெய், உள்ளே பருப்பில் வேறோர் எண்ணெய். இக்போ மக்களிடம் சதை எண்ணெய் ஆணுக்கு, பருப்பு பெண்ணுக்கு என்று வழக்கமே இருந்தது.

1807-ல் பிரிட்டன் தன் கப்பல்கள் அடிமை வியாபாரம் செய்வதைத் தடை செய்தது. அதே ஆறுகளுக்கு, அதே லிவர்பூல் வியாபாரிகள், இந்தத் தடவை பாமாயில் வாங்க வந்தார்கள். சோப்புக்கு, மெழுகுவத்திக்கு, ரயிலுக்கும் மெஷினுக்கும் பூசுகிற கிரீசுக்கு. நைஜர் ஆற்றின் கழிமுகத்துக்கு 'எண்ணெய் ஆறுகள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெட்ரோல் கிடைத்ததற்கு ரொம்ப முன்னாடியே. அடிமையாக விற்கப்பட்டு, வியாபாரியாக வளர்ந்து, ஓபோபோவின் அரசரான ஜாஜா அந்த வியாபாரத்தைத் தன் கையில் வைத்திருந்தார். 1887-ல் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு அவரை நாடு கடத்தினார்கள். 1891-ல் ஊர் திரும்பும் வழியில் இறந்துபோனார். 1929-ல், எண்ணெய் விலை விழுந்து கிடந்த நேரத்தில், பெண்கள் மீதும் வரி போடப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, தென்கிழக்கு நைஜீரியாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 50-க்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதுக்கு மட்டுமே தனி எபிசோட் வேணும், அதனால இங்கே நிறுத்திக்கிறேன்.

நமக்கு இப்போ தேவையான விஷயம் ஒன்றுதான். ஆப்பிரிக்காவில் இந்த மரம் தானாகக் காய்த்தது. எப்படிக் காய்க்கிறது என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

1848-ல் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், இன்றைய போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நாலு எண்ணெய்ப்பனை நாற்றுகள் வந்து சேர்ந்தன. நாலே நாலு. அதன் விதைகள் சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போயின. அங்கே புகையிலைத் தோட்டங்களில் சாலை ஓரத்தில் அழகுக்கு நட்டு வைத்தார்கள். ரொம்ப வருஷம் இது வெறும் அழகு மரம். 1911-ல் ஏட்ரியன் ஹாலே என்ற பெல்ஜியர் சுமத்ராவில் முதல் பெரிய வணிகத் தோட்டத்தைப் போட்டார். அவருடைய நண்பர் ஹென்றி ஃபோகோனியே, பிரெஞ்சுக்காரர். சிலாங்கூரில் தோட்டம் வைத்திருந்தார். அவர் 1917-ல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஆரம்பித்தார். பின்னாடி நாவல் எழுதி, 1930-ல் பிரான்ஸின் கோன்கூர் பரிசும் வாங்கினார்.

அந்த முதல் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம் எஸ்டேட். ஆமாங்க, நம்ம தென்னமரம்தான். முதலாளி பிரெஞ்சுக்காரர், நாடு மலாய் நாடு, ஆட்சி பிரிட்டிஷ் ஆட்சி, மரம் ஆப்பிரிக்க மரம். பெயர் மட்டும் தமிழ். அந்த மண்ணில் யார் வேலை செய்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கிலோ போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலோ இறங்கியவர்கள் அவர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல ஜில்லாக்காரர்கள். முதலில் கரும்புக்கும் காப்பிக்கும், பிறகு ரப்பருக்கு. கங்காணி ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக் கூட்டிப் போவார். 1938-ல் இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்கிற வரைக்கும் இது நடந்தது. அங்கே போய் அவர்கள் அந்த உலகத்துக்குத் தங்கள் மொழியிலேயே பெயர் வைத்துக்கொண்டார்கள். ரப்பர் மரம் பால்மரம் ஆனது. வெளியே பச்சை ஓலை, உள்ளே செக்கச் சிவந்த பழக்குலை என்று இருந்த மரம் செம்பனை ஆனது. எண்ணெய்ப்பனை என்ற நம்ம சொல்லைவிட அது அழகான சொல். சொல்லப்போனா, அந்த மரத்தைத் தினமும் பார்த்தவர்கள் வைத்த சொல்.

ஆரம்பத்தில் செம்பனை கொஞ்சம்தான். ராஜா ரப்பர்தான். 1950-களின் கடைசியிலிருந்து செயற்கை ரப்பர் வந்து விலையை அழுத்த, மலேசிய அரசும் கம்பெனிகளும் செம்பனைக்குத் திரும்பினார்கள். 1956-ல் ஃபெல்டா என்ற நிலக் குடியேற்ற அமைப்பு வந்து, அடுத்த பத்தாண்டில் அதுவும் செம்பனைக்கு இறங்கியது. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். அதே நேரத்தில் மரத்தின் ரகமும் மாறியது. பழைய டெலி மரம் 'டூரா' ரகம், கொட்டை ஓடு தடிமன். ஓடே இல்லாத 'பிசிஃபெரா' என்று ஒன்று உண்டு, ஆனால் அதன் பெண் பூக்கள் பெரும்பாலும் காய்க்காது. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் நிறையச் சதையும் உள்ள 'டெனரா' வரும். இந்த ரகசியம் பெல்ஜியக் காங்கோவில் நடந்த ஆராய்ச்சியில் 1941-ல் வெளியானது. மலேசியாவில் 1960-களிலிருந்து எல்லாரும் நட்டது டெனராதான்.

இங்கேதான் பக் வெளியே வருது.

செம்பனையில் ஒரே மரத்தில் ஆண் பூவும் வரும், பெண் பூவும் வரும். ஆனால் ஒரே சமயத்தில் வராது. கொஞ்ச மாதம் ஆண் பூங்கொத்துகளாகத் தள்ளும், பிறகு கொஞ்ச மாதம் பெண். அதனால் ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். புதிதாக நட்ட நல்ல ரக மரங்கள், குறிப்பாக இளம் வயதில், பெண் பூவாகவே தள்ளின. கேட்க நல்லாத்தான் இருக்கு, பெண் பூதானே குலை ஆகும். ஆனால் ஆண் பூ இல்லாமல் மகரந்தம் எங்கிருந்து வரும்? பெண் பூ விரிந்து மகரந்தத்தை ஏற்கிற நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். அது தப்பினால் குலையில் பாதிப் பழம் பிடிக்காது, சில குலைகள் அப்படியே அழுகிப்போகும். போர்னியோவின் சபா மாநிலத்தில் நிலைமை ரொம்ப மோசம்.

பாடப் புத்தகம் என்ன சொன்னது? எண்ணெய்ப்பனை காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரம். மகரந்தம் லேசானது, நிறைய வரும், காற்று கொண்டுபோகும். முடிஞ்சது. அப்படியென்றால் காற்று போதவில்லை, மனுஷன் உதவி செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணினார்கள்.

அந்த உதவி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எங்கேயாவது விரிந்த ஆண் பூங்கொத்தைத் தேடிப் பிடித்து, பைக்குள் விட்டு உலுக்கி மகரந்தம் எடுக்க வேண்டும். அதைக் காயவைத்து, சலித்து, டால்கம் பவுடரோடு கலக்க வேண்டும். பிறகு ஊதுகிற கருவியில் போட்டுக்கொண்டு, தோட்டத்தில் மரம் மரமாகப் போக வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் ஓலை மட்டைகளுக்கு இடையில் குனிந்து பார்த்து, எந்தப் பெண் பூ இன்னிக்கு விரிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன்மேல் ஊத வேண்டும். மட்டையின் அடியில் முள் வரிசை இருக்கும், ரம்பம் மாதிரி. ஒரு ஹெக்டேரில் 140 மரம் வரைக்கும் இருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மறுபடியும் முதல் மரத்திலிருந்து. வருஷம் முழுக்க.

விடியற்காலை பெரட்டு. அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது. கிராணி பெயர் கூப்பிடுவார், மண்டோர் வேலைக்கு அனுப்புவார். சிலர் குலை வெட்ட, சிலர் உதிரிப் பழம் பொறுக்க, சிலர் களை மருந்து அடிக்க, சிலர் பூவுக்கு மாவு ஊத. தீபகற்ப மலேசியத் தோட்டங்களில் அன்றைக்கு அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும் பங்கு தமிழர்கள். சபாவில் இந்தோனேசியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும். தினக்கூலி. மழை பெய்து வேலை நின்றால் கூலியும் நிற்கும்.

எல்லா மரத்துக்கும் கையால்தான் ஊதினார்கள் என்று சொல்லலை. தீபகற்பத்தில் வயதான தோட்டங்களில் த்ரிப்ஸ் என்ற இலைப்பேன் வகைப் பூச்சி கொஞ்சம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் இளம் தோட்டங்களிலும் சபாவிலும் மனுஷக் கை இல்லாமல் நல்ல குலை கிடையாது.

என் வேலையிலிருந்து ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு சிஸ்டத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாத்துறோம். கோட் எல்லாம் வந்துடுச்சு. பழைய சர்வரில் பின்னணியில் சத்தமில்லாமல் ஓடின ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் மட்டும் வரலை, ஏன்னா அது எந்த டாக்குமென்டிலும் இல்லை. புது சர்வரில் பாதி டேட்டா வரலை. என்ன செய்வோம்? ஓர் ஆளை உட்கார வைத்து, 'தினமும் காலையில் இதை மேனுவலா ஓட்டுப்பா' என்போம். தற்காலிகம்தான் என்போம். நான் பார்த்த ஓர் இடத்தில் அந்தத் தற்காலிகம் இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் ஸ்க்ரிப்டைக் கண்டுபிடித்து ஆட்டோமேட் பண்ணினோம். பாராட்டி மெயில் வந்தது. மேனுவலாக ஓட்டிய இரண்டு பேரின் பெயர் அதில் இல்லை.

1848-லும் 1911-லும் 1917-லும் வந்தது விதையும் நாற்றும். பூவில் வாழ்கிற பூச்சி விதையோடு கப்பல் ஏறாது.

சரி, இப்போ அந்த ஸ்காட்லாந்துக்காரர். லெஸ்லி டேவிட்சன், யூனிலீவர் கம்பெனியின் தோட்ட அதிகாரி. 1950-களில் கேமரூனில் வேலை பார்த்தார். பூத்த எண்ணெய்ப்பனையைச் சுற்றி வண்டு மொய்ப்பதை அங்கே பார்த்திருக்கிறார். 1960-ல் சபாவில் புதுத் தோட்டம் போட வந்தபோது இங்கே அந்த வண்டுக் கூட்டமே இல்லை, குலையும் சரியாகப் பிடிக்கவில்லை. அவர் கேட்டதற்குக் கிடைத்த பதில், காற்றுதான் காரணம், புத்தகத்தில் இருக்கிறது. பதினைந்து வருஷம் போல அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. 1970-களில் கம்பெனியில் பெரிய பொறுப்புக்கு வந்த பிறகுதான், அவரால் இதை ஆராய ஓர் ஆளை அனுப்ப முடிந்தது.

அந்த ஆள் ரஹ்மான் அன்வர் சையது. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர், உயிரியல் முறையில் பூச்சிக் கட்டுப்பாடு செய்யும் காமன்வெல்த் நிறுவனத்தில் இருந்தவர். என்னைக் கேட்டா இந்தக் கதையின் ஹீரோ இவர்தான். கேமரூனில் அவர் செய்த சோதனை அழகானது, எளிமையானது. சில பெண் பூங்கொத்துகளுக்குப் பை மாட்டினார். காற்றும் மகரந்தமும் உள்ளே போகலாம், பூச்சி போக முடியாது. அந்தக் குலைகளில் பழம் ரொம்பக் குறைவு. பக்கத்தில் திறந்து விட்ட குலைகள் நிறைந்து நின்றன. காற்று இல்லை, பூச்சிதான். ஒரு மாறியை மட்டும் மாத்திப் பார்க்கிற டீபக்கிங், அவ்வளவுதான். ஆனால் அத்தனை வருஷத்தில் தோட்டக் கம்பெனிகள் யாரும் இதைச் செய்து பார்க்கவில்லை.

பூவுக்கு வருகிற பல பூச்சிகளில் சிறந்தது எது என்று பார்த்தார். எலேய்டோபியஸ் கேமரூனிகஸ் என்ற கூன்வண்டு. 3, 4 மில்லிமீட்டர்தான், கருத்த வண்டு. செம்பனைப் பூ விரியும்போது சோம்பு வாசனை வரும். நிஜமாகவே நம்ம அஞ்சறைப்பெட்டிச் சோம்பு வாசனை. ஆண் பூவில் வண்டுக்குச் சாப்பாடு, முட்டையிட இடம், எல்லாம் கிடைக்கும். இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். பெண் பூவும் அதே சோம்பு வாசனையைத்தான் விடுகிறது, ஆனால் உள்ளே வண்டுக்கு ஒன்றுமே இல்லை. ஏமாந்து வருகிற வண்டு உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதறிவிட்டுப் போகிறது. மரம் நடத்துகிற சின்ன மோசடிதான் இது.

வெளிநாட்டுப் பூச்சியை அப்படியே கொண்டுவந்து விட முடியாது. ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரைக் கதை உங்களுக்குத் தெரியும். இந்த வண்டு வேறு பயிரைத் தின்னுமா, முட்டையிடுமா என்று சோதித்தார்கள். தனிமைப்படுத்தி வைத்து வளர்த்தார்கள். செம்பனை ஆண் பூவைத் தவிர வேறெதிலும் அது பிழைக்காது என்று உறுதியான பிறகு, 1981 பிப்ரவரியில் ஜோகூர் மாநிலத்தின் குளுவாங் பகுதித் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள்.

ஒன்றிரண்டு வருஷத்தில் மலேசியா முழுக்கப் பரவிவிட்டது. தீபகற்பத்தில் பூவில் பாதி அளவே காயாகிக்கொண்டிருந்தது, அது 70 சதவீதத்துக்குப் போனது. சபாவில் இன்னும் பெரிய ஏற்றம். பருப்பு உற்பத்தியும் எகிறியது. மகரந்தம் ஊதுகிற வேலை நின்றுபோனது. ஒரு பக்கவிளைவு: ஆண் பூவுக்குள் இருக்கும் வண்டுப் புழு நல்ல தீனி என்று எலிகள் கண்டுபிடித்துவிட்டன. எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கூண்டு வைத்துக் கூகை வளர்த்தார்கள். இன்றும் பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் அந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம்.

பொதுவா கதை இங்கே முடிஞ்சிடும். எனக்கு முடியலை.

வண்டு வந்ததால் தமிழர்கள் தோட்டத்தைவிட்டுப் போனார்கள் என்று நான் சொல்ல வரலை. அப்படிச் சொன்னா அது பொய். பல காரணங்கள் சேர்ந்து நடந்தது. பால்மரத்துக்குத் தேவையான ஆளில் பாதிகூடச் செம்பனைக்கு வேண்டியதில்லை. பால்மரத் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை தினமும் விடியலில் உண்டு, செம்பனையில் அறுவடைச் சுற்று பத்து நாள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அதனால் மரம் மாறும்போதே ஆள் குறைந்தது. 1969-க்குப் பிறகு, குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. அங்கேயே பிறந்து வளர்ந்தும் பத்திரம் இல்லாத தமிழர்கள் ஏராளம். 1984-ல் இந்தோனேசியாவோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். கூலி உயரவில்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று தொழிற்சங்கம் பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தது. கோலாலம்பூரைச் சுற்றி நகரம் விரிந்தது, தோட்ட நிலம் வீட்டு மனையானது.

வண்டு செய்தது ஒன்றே ஒன்று. அவர்கள் கையில் இருந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. முள்ளுக்குள் குனிந்து ஊதுகிற வேலை போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதை யாரும் செய்யக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் மிச்சமான பணம் கம்பெனிக் கணக்கில் லாபமாகப் போனது. வேலையை இழந்தவருக்கு எதுவும் போய்ச் சேர ஏற்பாடு இல்லை.

தோட்டத்தில் வேலை போவது என்றால் சம்பளம் மட்டும் போவதில்லை. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடு போகும். பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி தோட்டத்துக்குள் இருக்கும். மாரியம்மன் கோயிலும் முனியாண்டி கோயிலும் தோட்ட நிலத்தில் இருக்கும். மூன்று தலைமுறையாகக் கட்டி எழுப்பியது எதற்கும் பட்டா கிடையாது. 1957-ல், மலாயா சுதந்திரம் வாங்கியபோது 880-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. லட்சக்கணக்கானவர்கள் நகரத்து ஓரங்களில் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பிறகு அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். கோயில்கள் இடிக்கப்பட்டபோது எழுந்த கோபம், 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் தெருக்களில் ஹிண்ட்ராஃப் பேரணியாக வந்து நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள், கண்ணீர்ப் புகை வீசினார்கள், தலைவர்களை விசாரணையில்லாமல் உள்ளே வைத்தார்கள். ரேஷன் கடையில் நமக்குப் பாமாயில் பாக்கெட் வர ஆரம்பித்ததும் அதே 2007. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, வருஷம் மட்டும்தான் ஒன்று. ஆனால் அன்னைக்கு நியூஸில் அந்தப் பேரணியைப் பார்த்தவங்க எத்தனை பேருக்கு, அடுப்பில் காய்கிற எண்ணெய்க்கும் டிவியில் ஓடுகிறவங்களுக்கும் ஒரு மரம் நடுவில் இருக்குன்னு தோன்றியிருக்கும்?

காடு அழிப்பு, ஒராங்குட்டான், இந்தோனேசியப் புகைமூட்டம் பற்றி ஏன் பேசலைன்னு கமென்ட் வரும். அது உண்மையான பிரச்சினை, நிறைய பேர் நல்லாவே பேசியிருக்காங்க. ஒரு கணக்கு மட்டும் சொல்லி நகர்றேன். ஒரு ஹெக்டேரில் செம்பனை 3, 4 டன் எண்ணெய் தரும். சோயா அரை டன்கூடத் தராது. அதனால் 'பாமாயிலை விட்டுடுங்க' என்பது அவ்வளவு எளிதான பதில் இல்லை.

இப்போ இந்தியா. 1985-ல் அதே வண்டு இங்கேயும் வந்தது. முதலில் கேரளா, பிறகு ஆந்திரா. 2021-ல் மத்திய அரசு எண்ணெய்ப்பனைக்கென்று 11,040 கோடி ரூபாயில் தேசியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. வடகிழக்கு மாநிலங்களும் அந்தமானும் அதில் முக்கிய இடங்கள். அந்த அறிவிப்பை ஒட்டி நடந்த விவாதம் பெரும்பாலும் காட்டையும் தண்ணீரையும் பற்றியது. தண்ணீர் பற்றிய கவலை நியாயமானது, இது மழைக்காட்டு மரம், நம்ம ஊரில் பாசனம் இல்லாமல் நிற்காது. ஆனால் குலையை யார் வெட்டுவார்கள், என்ன கூலிக்கு, பழத்தை வெட்டி ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்காவிட்டால் எண்ணெய் கெட்டுவிடுமே, அப்போ பக்கத்தில் இருக்கிற ஒரே ஆலை சொல்கிற விலைதானே விலை, இதையெல்லாம் கேட்டவர்கள் குறைவு. மலேசியாவில் பெரிய கம்பெனித் தோட்டம், இங்கே சின்ன விவசாயி. கேள்வி மாறலாம், ஆனால் கேட்காமல் விட முடியாது.

ஆந்திராவின் கோதாவரிப் பக்கம் புதுத் தோட்டம் போடுகிறவர்கள் முதல் இரண்டரை, மூன்று வருஷம் வருகிற பூக்களைக் கிள்ளிப் போட்டுவிடுவார்கள், மரம் உடம்பு தேறட்டும் என்று. அதற்குப் பிறகு பூவை விடும்போது, தோட்டத்தில் வண்டு இருக்காது. என்ன செய்வார்கள் தெரியுமா? பழைய தோட்டத்துக்குப் போய், வண்டு நிறைந்த ஆண் பூங்கொத்து ஒன்றை வெட்டி, பையில் போட்டுக் கொண்டுவந்து, தங்கள் மரத்தடியில் வைத்துவிடுவார்கள். வண்டு பறந்து சோம்பு வாசனை வருகிற திசைக்குப் போய்விடும்.

உங்க குடும்பத்தில் யாராவது மலேசியத் தோட்டத்தில் வேலை செய்தவங்க இருந்தா, குறிப்பா செம்பனைக்கு மாவு ஊதின அனுபவம் இருக்கிறவங்க, எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்க. அவங்க அந்த வேலைக்கு என்ன பெயர் வெச்சிருந்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.